உள்ளான் வந்த வழி

உள்ளான் என்கிற சொல் எனக்கு முதலில் அறிமுகமானது அடுப்படியில். நான் சிறுவனாக இருந்தபோது, மழைக்காலத்துச் சாயங்காலங்களில் கண்ணி வைத்துப் பிடித்த பறவைகளைக் கொத்தாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு மல்லாங்கிணற்றுத் தெருக்களில் விற்றுவருவார்கள். கொக்குக்கு ஒரு விலை, உள்ளானுக்கு ஒரு விலை. இறகைப் பிய்த்துவிட்டால் உள்ளான் ஒரு சிறுவனின் உள்ளங்கைக்குள் அடங்கும். மிளகு அரைத்து வறுத்தால் எலும்போடு மெல்லலாம் என்பார்கள். நானும் மென்றிருக்கிறேன். 1972-லேயே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது என்பது எங்கள் தெருவில் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அந்தப் பறவை எங்கிருந்து வந்தது என்பதும் தெரியாது.

எங்கள் சித்தப்பா கண்மாயின் நீர்பாய்ச்சியாக இருந்தவர். மடையைத் திறப்பதும் அடைப்பதும், எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்பதும் அவர் கணக்கு. இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. திறப்பதற்குத் தண்ணீர் இருக்கிற வருஷங்களும் குறைந்துவிட்டன. ஆனாலும் ஐப்பசி பிறந்தால் காலையில் ஒரு நடை கண்மாய்க் கரைக்குப் போய் வராமல் அவருக்கு இருக்க முடியாது. போன ஐப்பசியில் ஒருநாள் வந்து சொன்னார்: “கண்மாய்க்குத் தண்ணி இன்னும் வரல. உள்ளான் மட்டும் வந்துருச்சு. பள்ளத்துல தேங்குன தண்ணியில மூணு நிக்குது.”

“அது எங்கிட்டு இருந்து வருது சித்தப்பா?”

“கடல்ல இருந்து வரும்பாக. நீதான் படிச்சவன், போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு நெடுநேரம் முன்பே நானும், எனக்குப் பள்ளியில் உயிரியல் நடத்திய ஆசிரியரும் தனுஷ்கோடிக்குக் கிளம்பினோம். சார் ஓய்வுபெற்று வெகுகாலமாகிவிட்டது. பறவை பார்க்கும் பழக்கம் மட்டும் ஓய்வுபெறவில்லை. முக்காலியில் நிறுத்துகிற தொலைநோக்கியை ஒரு கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டார்.

திருச்சுழியில் குண்டாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது வண்டியை நிறுத்தச் சொன்னார். இருட்டில் தண்ணீர்ச் சத்தம் இல்லை. காரியாபட்டி, திருச்சுழி, கமுதி என்று எங்கள் வறண்ட சீமை வழியாக வளைந்து வருகிற இந்த ஆறு, சாயல்குடிக்குத் தெற்கே மூக்கையூர் பக்கம் மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. காவிரியை வைகையோடும் குண்டாற்றோடும் இணைக்கும் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அந்தத் தண்ணீருக்காக எங்கள் கண்மாய்கள் காத்திருக்கின்றன. “ஆறு கடலுக்குப் போற தடம் நமக்குத் தெரியும். பறவை கடல்ல இருந்து இங்க வர்ற தடத்தை யாரும் படத்துல போட்டுக் காட்டல” என்றார் சார். நரிக்குடி, பார்த்திபனூர், பரமக்குடி வழியாக ராமநாதபுரம் வந்து பாம்பன் பாலத்தில் ஏறியபோது கிழக்கு வெளுத்திருந்தது.

ஆங்கிலப் பறவைப் புத்தகங்கள் இந்தப் பருவத்தை இலையுதிர்காலம் என்கின்றன. எங்கள் பக்கம் ஐப்பசியில் இலை உதிர்வதில்லை. ஆடிக்காற்றில் புழுதி பறந்த கரிசல்காட்டில் முதல் மழை விழுந்து, பருத்தியும் கம்பும் மல்லியும் முளைவிடுகிற மாதம் அது. இலை உதிர்கிற ஊரில் கிளம்பும் பறவை, துளிர்க்கிற ஊரில் வந்து இறங்குகிறது.

தனுஷ்கோடிச் சாலையில் கோதண்டராமர் கோயிலுக்குத் திரும்புகிற இடத்திலேயே இரண்டு பக்கமும் ஆழமில்லாத நீர்ப்பரப்பு விரிந்துவிடும். அதற்கப்பால் 1964 டிசம்பர் புயல் விட்டுச்சென்ற தேவாலயச் சுவரும், ரயில் நிலையத்தின் மிச்சமும். இன்னும் போனால் அரிச்சல்முனை. 2017-ல் முனை வரைக்கும் தார்ச்சாலை போடப்பட்ட பிறகு இங்கே வராத சுற்றுலா வண்டி இல்லை. 2025 ஜூன் 5 அன்று, உலகச் சுற்றுச்சூழல் நாளில், இங்கே 524.7 ஹெக்டேர் பரப்பைப் பூநாரைகளுக்கான சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. 2023-24-ல் நடந்த நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் இந்தப் பகுதியில் 128 வகைகளைச் சேர்ந்த 10,700-க்கும் அதிகமான பறவைகள் பதிவாகியிருந்தன. மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் 1989-லிருந்தே உண்டு. 21 தீவுகளும் பவளத்திட்டுகளும் கடற்பசுவும் அதற்குள் வருகின்றன. ஆனால் ராமேஸ்வரம் தீவில் நிலத்தில் நின்று, காலில் சேறு படாமல் ஒருவர் பார்க்கக்கூடிய பறவைகளுக்கென்று தனியாக வந்த காப்பிடம் இதுதான்.

நாங்கள் போன அன்று அங்கே பூநாரை ஒன்றுகூட இல்லை.

சாலையோரம் நின்ற சுற்றுலாக் குடும்பம் எங்கள் தொலைநோக்கியைப் பார்த்துவிட்டு ஓடி வந்தது. “பூநாரை எங்க சார் இருக்கு?” என்று சின்னப் பெண் கேட்டாள். “அதுங்க மார்கழி, தையிலதான்ம்மா நெறைய வரும். இப்ப வந்திருக்கிறது வேற ஆளுங்க. பாக்குறியா?” என்று சார் கருவியைத் தாழ்த்திக் கொடுத்தார். அந்தப் பெண் கண்ணை வைத்துப் பார்த்தாள். சேறும் தண்ணீரும் கலந்த திட்டில், சேற்றின் நிறத்திலேயே ஏதோ ஓடிக்கொண்டிருந்தன. “எலி மாதிரி இருக்கு” என்றாள். அவள் சொன்னது சரிதான். கொசு உள்ளானை முதலில் பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஊசியால் தைப்பதுபோலச் சேற்றைக் குத்திக்கொண்டே ஓடும், நிற்காது.

குடும்பம் போன பிறகு நான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுமார் 25 கிராம் எடை. வடதுருவத்தை ஒட்டிய, மரமே வளராத தூந்திர நிலத்தில், நார்வேயின் வடகோடியிலிருந்து சைபீரியா வரைக்கும் பரவலாகக் குஞ்சு பொரிக்கிறது. அங்கிருந்து ராமேஸ்வரம் தீவுக்கு நேர்க்கோட்டில் அளந்தாலே ஏழாயிரம் கிலோமீட்டர் வரும். நான் சின்ன வயதில் எலும்போடு மென்றது இதுதானா, இதன் உறவுக்காரப் பறவையா என்று இப்போது சொல்ல முடியாது. அந்த எண்ணம் வந்த பிறகு அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“இதுக்குப் பக்கத்துல நிக்குதே, கொஞ்சம் பெருசா, மூக்கு நுனி கீழ வளைஞ்சு, அது வளைமூக்கு உள்ளான்” என்றார் சார். “முதுகுல மீன் செதில் மாதிரி ஓரம் வெளுத்திருக்கு பாரு. இந்த வருஷத்துக் குஞ்சு.”

அதற்கு மேல் அவர் சொன்னதுதான் அன்றைய நாளின் கனம். வளைமூக்கு உள்ளான் சைபீரியாவின் வடகோடியில் முட்டையிடுகிறது. இணை சேர்ந்து முட்டை இட்டதும் ஆண் பறவை ஜூலைத் தொடக்கத்திலேயே தெற்கே கிளம்பிவிடும். பெண் அடைகாத்துக் குஞ்சை வளர்த்துவிட்டு, பின்னாலேயே புறப்பட்டுவிடும். குஞ்சுகள் தனியாக நிற்கும். சில வாரம் தின்று கொழுப்பேற்றிக்கொண்டு, தாயும் தகப்பனும் முன்னே சென்ற திசையில், பார்த்தறியாத நாட்டுக்கு, வழிகாட்ட ஆளில்லாமல் பறந்து வரும். பிறந்து மூன்று நான்கு மாதம்கூட ஆகாத பிள்ளை அது. ரத்தத்துக்குள் எழுதியிருக்கிற திசையை நம்பி வந்து, ராமேஸ்வரத்துச் சேற்றில் நின்று புழு பொறுக்குகிறது. நான் சாரைத் திரும்பிப் பார்த்தேன். ஐம்பது வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறவர்; சொல்லும்போது அவர் குரல் இன்னும் தழுதழுக்கிறது.

முனைக்குப் போகிற வழியில் ஒரு குடிசை வாசலில் வயதான அக்கா ஒருவர் கருவாட்டுக்கு மீனைக் கீறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் கேட்டு நின்றோம். இங்கே இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடாவுக்குப் பெண்கடல் என்று பெயர், தெற்கே மன்னார் வளைகுடாவுக்கு ஆண்கடல். “வாடை எடுத்துட்டா பொம்பளக்கடலு ஆடும், ஆம்பளக்கடலு அடங்கிப் போயிரும். தென்காத்துல மாறிக்கிரும்” என்றார் அக்கா. எந்தப் பக்கம் அடங்குகிறதோ அந்தப் பக்கம் வலையைக் கொண்டுபோவார்கள். பறவைகளும் அப்படித்தானா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். “காத்துக்கு ஒதுங்குன பக்கம்தான் கூட்டமா ஒக்காந்திருக்கும் தம்பி. கரைவலை இழுக்கயில ஆலாப் பறவை எந்தப் பக்கம் விழுந்து எந்திரிக்குதுன்னு பாத்துத்தான் எங்க வீட்டு ஆம்பளைக வலையை வளைப்பாக.” மீனவர்கள் ஆலாவைப் பார்த்து மீனைக் கண்டுபிடிக்கிறார்கள். நாங்கள் அன்று மீனவர்களைப் பார்த்து ஆலாவைக் கண்டுபிடித்தோம். அவர் கைகாட்டிய மணல் தீடையில் செக்கச்சிவந்த தடித்த அலகோடு காஸ்பியன் ஆலாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவற்றின் காலடியில், கூழாங்கல்லைக் கொட்டிவைத்ததுபோல உப்புக்கொத்திகள்.

பட்டாணி உப்புக்கொத்தியை எங்கள் கண்மாய்க் கரையில் பார்த்திருக்கிறேன். இங்கே இருந்தது வேறு இனம். மத்திய ஆசியாவின் உயரமான மேட்டுநிலங்களில் குஞ்சு பொரித்துவிட்டு, இந்தியாவின் கடற்கரைகளில் குளிர்காலத்தைக் கழிக்கிற மணல் உப்புக்கொத்தி. கடலை விட்டு உள்நாட்டுக்கு இது அநேகமாக வருவதில்லை. சார் எண்ணத் தொடங்கினார். பத்துப் பத்தாகக் கூட்டி, கைவிரலை மடக்கி, குறிப்பேட்டில் கோடு போட்டார். நடுவில் கல்திருப்பி உள்ளான்கள் நான்கு. பெயருக்கேற்றபடி ஒதுங்கிய சிப்பியையும் பாசியையும் அலகால் நெம்பிப் புரட்டிக்கொண்டிருந்தன. தூரத்தில் ஒற்றையாக ஒரு கோட்டான், ஒரு சாண் நீளத்துக்கு வளைந்த அலகோடு. ஒரு பவளக்காலி எங்களைக் கண்டதும் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டுப் பறந்தது.

எண்ணிக்கை இருநூற்றைத் தாண்டியபோது ஒரு ஜீப், சாலையை விட்டு இறங்கி, சேற்றுத் திட்டின் ஓரமாகவே தீடையை நோக்கி வந்தது. வண்டியிலிருந்தவர்கள் ஆரவாரித்தார்கள். மொத்தக் கூட்டமும் எழுந்தது. வயிற்றின் வெண்மையும் முதுகின் சாம்பலும் மாறி மாறி மின்ன, துணியை உதறியதுபோல வானத்தில் ஒரு சுற்று, இன்னொரு சுற்று. ஜீப்பில் இருந்தவர்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதுதான் என்னை வாட்டியது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து கொழுப்பெல்லாம் கரைந்து வந்து இறங்கிய உடம்பு அது. தின்னக் கிடைக்கிற நேரமும் ஓய்வெடுக்கிற நேரமும் கடலின் ஏற்றவற்றத்தைப் பொறுத்தது. ஒரு நாளில் இப்படிப் பத்து ஜீப் வந்தால், அது தின்றதெல்லாம் பறப்பதற்கே செலவாகிவிடும். பங்குனியில் திரும்பிப் போவதற்குச் சேர்க்க வேண்டிய கொழுப்பு சேராது. சரணாலயம் என்று பலகை வைத்த பிறகு சாலையோரத்தில் ஒரு கயிற்றுத் தடுப்பும், விடுமுறை நாளில் நிற்க ஒரு காவலரும் வேண்டும். ஒரு பறவைக்கூட்டத்துக்கு நாம் செய்யக்கூடியவற்றில் இதைவிட மலிவானது எனக்குத் தெரியவில்லை.

சார் குறிப்பேட்டை மூடிவிட்டு, நடுப்பகல் வெயிலுக்குப் படகு நிழலில் உட்கார்ந்தார். இருநூறு என்ற எண்ணை அடித்துவிட்டு “முடியவில்லை” என்று எழுதினார்.

இந்தப் பறவைகள் எங்கிருந்து வருகின்றன என்பதை எப்படித்தான் கண்டுபிடித்தார்கள்? அந்தக் கதையில் தமிழ்நாட்டுக் கடற்கரைக்குப் பெரிய பங்கு உண்டு. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959-ல் பறவையியலாளர் சாலிம் அலியின் தலைமையில் பறவைகளின் காலில் வளையம் மாட்டும் வேலையைப் பெரிய அளவில் தொடங்கியது. வேதாரண்யத்துக்குத் தெற்கே உள்ள கோடியக்கரை அதன் முக்கியக் களங்களில் ஒன்றானது. அங்கே 1967-ல் சரணாலயம் வந்தது, 2002-ல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்கிற ராம்சார் தகுதி கிடைத்தது. வலை விரிக்கும் வேலைக்குப் பீகாரின் மீர்ஷிகார் சமூகத்தவர் வந்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்து விற்றவர்கள். ஒரு இறகு உதிராமல் பிடிக்க அவர்களுக்குத்தான் தெரியும். அதே கைகள் வளையம் மாட்டிப் பறக்கவிடும் கைகளாக மாறின. கோடியக்கரையில் பல பத்தாண்டுகள் இந்த ஆய்வைச் செய்த எஸ். பாலச்சந்திரன், 1980-களில் மண்டபத்தையும் அதை ஒட்டிய தீவுகளையும் சுற்றி இதே கரைப்பறவைகளை ஆராய்ந்தவர். இன்று நாம் இந்தக் கரையைப் பற்றிச் சொல்வதில் பெரும்பங்கு அவர் நடந்து எண்ணியது. எங்கள் ஊரில் கண்ணி வைத்துப் பிடித்தவரை நினைத்துக்கொண்டேன். எந்தத் தண்ணீரில் எந்தப் பறவை எப்போது இறங்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் யாரும் கேட்டு எழுதிவைக்கவில்லை.

அரிச்சல்முனையில் நின்றால் கிழக்கே தீடைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைமன்னாரை நோக்கிப் போகின்றன. சுமார் முப்பது கிலோமீட்டர். அந்தப் பக்கம் மன்னார்த் தீவை அடுத்து வங்காலைச் சரணாலயம். 2010-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அங்கேயும் பூநாரை வரும், உப்புக்கொத்தி வரும், ஊசிவால் வாத்து ஆயிரக்கணக்கில் வரும். இரண்டு நாட்டு மீனவர்களும் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டுச் சிறையில் கிடக்கிற இதே நீரில், ஆலாக் கூட்டம் ஒன்று எங்கள் கண்முன்னே எழுந்து கிழக்கே போனது. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் யாரும் பேசவில்லை.

திரும்பும் வழியில் ராமநாதபுரத்தை ஒட்டிய சக்கரக்கோட்டைக் கண்மாயில் நின்றோம். இங்கேதான் எனக்கு விடை பாதி கிடைத்தது. கண்மாய்க்குள் தேங்கிய நீரின் ஓரத்தில், காலையில் தனுஷ்கோடியில் பார்க்காத ஒரு உள்ளான். முதுகில் பொரி தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள், வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு. “பொறி உள்ளான். உப்புத்தண்ணியில இது நிக்காது. உங்க சித்தப்பா பாத்தது இதுவாத்தான் இருக்கும்” என்றார் சார். வடக்கேயிருந்து வருகிற எல்லாமே கடற்கரையில் தங்கிவிடுவதில்லை. மணல் உப்புக்கொத்தி கரையோடு நின்றுவிடும். கொசு உள்ளான் இரண்டு பக்கமும் போகும். பொறி உள்ளான், சதுப்புமண் உள்ளான், நீலச்சிறகி வாத்து இவையெல்லாம் நன்னீர் தேடி உள்ளே வரும். கரிசல்காட்டின் மேல் தாழப் பறந்து வெட்டுக்கிளி தேடும் பூனைப்பருந்தும், சோளக்கொல்லையில் மேகம்போல இறங்கும் சூறைக்குருவியும் அதே வடக்கத்தி விருந்தாளிகள்தான். கடலும் கண்மாயும் கொல்லையும் சேர்ந்தால்தான் அவற்றுக்கு ஒரு குளிர்காலம்.

ராமநாதபுரம் சீமையில் இதை அரசும் உணர்ந்திருக்கிறது. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 1989-ல் சரணாலயங்களாகி, 2022-ல் ராம்சார் பட்டியலில் ஏறின. சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025-ல் ஏறின. இவை எல்லாமே விவசாயத்துக்கு வெட்டிய கண்மாய்கள். உள்வாயில் நிற்கிற நாட்டுக்கருவேல மரங்களில் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டுகின்றன. எங்கள் பக்கத்துக் கண்மாய்களுக்கு அப்படிப் பட்டம் எதுவும் இல்லை. சீமைக்கருவேலம் மண்டி, வரத்துக்கால் தூர்ந்து, மழை பெய்தால் மட்டும் உயிர்பெறுகிறவை. பறவைக்குப் பட்டியல் தெரியாது. தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இருக்கிறதா, சேற்றில் புழு இருக்கிறதா, கண்ணி இல்லையா, இவ்வளவுதான் அது பார்க்கிறது.

நான் பட்டாசு செய்கிற மாவட்டத்துக்காரன். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது முதலில் நெருடியது. எங்கள் ஆட்களின் சோறு அதில் இருக்கிறது. பிறகு ஒருமுறை அங்கே போய், வீட்டுக்கூரைக்கு எதிரே கண்மாய் மரத்தில் குஞ்சுக்கு இரை ஊட்டும் நாரையைப் பார்த்தபோது, பிள்ளை பெற்ற வீட்டுப் பக்கம் அதிர்ந்து பேசாமல் போகிற நம் வழக்கம்தான் அது என்று புரிந்தது. வெடியை விரும்புகிறவர்கள் மேலத்தெருவில் வெடிக்கலாம், கண்மாய்க் கரையில் வேண்டாம். எங்கள் ஊரிலும் இதைச் சொல்லிப் பார்க்கப் போகிறேன்.

இரவு வீடு திரும்ப நேரமாகிவிட்டது. மறுநாள் காலையில் சித்தப்பாவோடு கண்மாய்க்குப் போனேன். மூன்று உள்ளான்களும் அதே பள்ளத்தில் நின்றன. சார் கொடுத்த கருவியில் அவர் பார்த்தார். முதுகில் பொரி தூவியிருந்தது. வாலை ஆட்டியது. சைபீரியா, தூந்திர நிலம், தாய் தகப்பன் இல்லாமல் தனியாகப் பறந்து வரும் குஞ்சு என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர் கண்ணைக் கருவியிலிருந்து எடுக்கவில்லை.

“இதைப் போய் வறுத்துத் தின்னோமேப்பா” என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, தெற்கே கருத்திருந்த வானத்தைப் பார்த்தார். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. “மழை வந்து கண்மாய் பெருகிட்டா இதுக எங்க நிக்கும் சித்தப்பா? காலு எட்டாதே.”

“பெருகட்டும்” என்றார். “பெருகுனா ஓரத்து வயக்காட்டுக்கு ஒதுங்கிக்கிரும். தை கழிஞ்சு மடையைத் தொறந்து தண்ணி வத்த வத்த, கரையிலிருந்து உள்வாய்க்கு எறங்கி வரும். ஒரேயடியா வடிச்சுப்புடாம, பள்ளத்துல முழங்கால் தண்ணியை விட்டு வைக்கணும். அதை நான் சொல்லிக்கிர்றேன்.”